மறு: அல்காரிதத்துக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோவையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கோடைக் கணினிப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்துமுடிக்கும் வழியை அல்காரிதம் என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன போடுவது? மேல்நிலைப் பாடநூலில் ‘நெறிமுறை’ என்கிறார்கள். ஆனால் எங்கள் கையேட்டில் இணையப் புரோட்டோகாலுக்கும் (கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறும் விதிகள்) ‘நெறிமுறை’ என்றே எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் குழம்புவார்கள். ‘படிமுறை’ சரியா?

மதுரையிலிருந்து:
அம்மா, அது ஓர் ஆளின் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி. இந்திய எண்முறையைப் பற்றி அவர் அரபியில் எழுதிய நூல் 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போனது. ‘அல்கோரிஸ்மி சொன்னார்’ என்றுதான் அது தொடங்கும். அந்தப் பெயரே கணக்கு முறைக்கும் ஆகிவிட்டது. எண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘அரித்மோஸ்’ குறுக்கே புகுந்ததால் ‘ரிஸ்ம்’ என்பது ‘ரிதம்’ ஆனது. ஆட்களின் பெயரால் வந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் மொழிபெயர்க்கிறோமா? நம் எண்களை மேற்கே கொண்டுபோனவரின் பெயரை நாமே அழிக்க வேண்டாம். அல்காரிதம் என்றே விடுங்கள்.

திருச்சியிலிருந்து:
அருமை. ‘திருவள்ளுவரைப் படித்தேன்’ என்பது போலக் கருத்தாவாகுபெயர்! அதோடு நிற்கவில்லை. குவாரிஸ்மி என்றாலே ஆரல் கடலுக்குத் தெற்கே இருக்கும் குவாரிஸ்ம் நாட்டார் என்றுதான் பொருள். இடம் ஆளுக்கு ஆகி, ஆள் நூலுக்கு ஆகி, நூல் முறைக்கு ஆகியிருக்கிறது. கருமை மேகத்துக்கு ஆகி, மேகம் மழைக்காலத்துக்கு ஆகி, காலம் பயிருக்கு ஆன ‘கார் அறுத்தான்’ போல மும்மடியாகுபெயர்.

மதுரையிலிருந்து:
ஐயா, பொறுங்கள். முதல் படி ஆகுபெயர் ஆகாது. அங்கே ‘ஈ’ என்ற அரபு விகுதி சேர்ந்திருக்கிறது. மதுரை, மதுரையார் மாதிரி. அது இடப்பெயர்ப் பகுபதம். இருமடி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

திருச்சியிலிருந்து:
சரி, பகுபதம்தான். ஆனால் சொல் தமிழில் இருக்கட்டும். ‘கணக்காறு’ என்கிறேன். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை நூல்கள் வேறென்ன செய்கின்றன? மலைபடுகடாமில், பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ள வழி இது, இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் கடந்து போங்கள் என்று கூத்தருக்கு வழி சொல்கிறார்கள். ‘இருட்டாக இருந்தால் நில், விடிந்தால் நட.’ நீங்கள் கணினிக்குச் சொல்வதும் இதுதானே?

சென்னையிலிருந்து:
நிரல் எழுதுகிறவன் சொல்கிறேன். அந்த எடுத்துக்காட்டை நான் இனி வகுப்பில் சொல்லப்போகிறேன், நன்றி ஐயா. ஆனால் ‘கணக்காறு’ வேண்டாம். பிள்ளை அதை ஆறாம் கணக்கு என்று படிக்கும். பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்துவதும் அல்காரிதம்தான், அதில் எந்தக் கணக்கைக் காட்டுவது?

திருச்சியிலிருந்து:
தம்பி, கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் மட்டும் இல்லை. பதினெண்கீழ்க்கணக்கில் கணக்கு என்பது நூல். எழுத்துச் சொல்லித்தருபவர் கணக்காயர். நக்கீரரின் தந்தை பெயரே மதுரைக் கணக்காயனார். அதுவும் தொழிற்சொல் பெயரானதுதான். குவாரிஸ்மி போன வழிக்கு நேர் எதிர் வழி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
கணக்காயர் வரை போய்விட்டோம், கொஞ்சம் திரும்புவோம். அல்ஜீப்ராவும் அதே குவாரிஸ்மியின் இன்னொரு நூலின் தலைப்பிலிருந்து வந்தது. ‘அல்-ஜபர்’ என்றால் பிரிந்ததைப் பொருத்துதல். ஸ்பானியர்கள் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுபவரையும் ‘அல்கெப்ரிஸ்தா’ என்றார்கள். அந்தப் பாடம் உங்களுக்கு இயற்கணிதம், எங்களுக்கு அட்சரகணிதம். எங்கள் பிள்ளை உங்கள் புத்தகத்தைத் திறந்தால் தலைப்பிலேயே தடுமாறுகிறது. அல்காரிதத்திலும் அப்படி இரண்டு வேண்டாம். ‘படிமுறை’ இரு கரைக்கும் விளங்கும்.

சென்னையிலிருந்து:
படிமுறைக்கு என் வாக்கும்.

கோவையிலிருந்து:
வெள்ளி காலை. ‘படிமுறை’ என்றே போட்டுவிட்டேன். சொல் முதலில் வரும் பக்கத்தில் குவாரிஸ்மியைப் பற்றி ஒரு பெட்டிச்செய்தி. பன்றிப் பொறி முதல் பயிற்சியாக வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

திருச்சியிலிருந்து:
மகிழ்ச்சி அம்மா. கணக்காற்றை நான் விடவில்லை, அடுத்த பதிப்பில் பேசுவோம். பெட்டிச்செய்தியில் ‘குவாரிசுமி’ என்று எழுதுங்கள். கிரந்தம் வேண்டாம்.

மதுரையிலிருந்து:
‘ஸ்’ இருக்கட்டும் அம்மா. ஏற்கெனவே ஒரு முறை இலத்தீனில் அவர் பெயர் சிதைந்தது.