மூச்சுச் சோதனையில் பூஜ்யம் வந்தால் குடிநோய் இல்லை என்று பொருளா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி படைப்பணியில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய பிரிவில் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், பணிக்கு வருபவர்களை வரிசையில் நிறுத்திக் கட்டாய மூச்சுச் சோதனை நடத்துகிறார்கள். இதுவரை ஒருமுறைகூட அவன் அதில் சிக்கியதில்லை. ஆனால் விடுமுறையில் வரும்போது, மாலையானால் குடிக்காமல் அவனால் இருக்க முடியவில்லை என்பதை நாங்கள் கண்ணெதிரே காண்கிறோம். காலையில் தேநீர்க் குவளையைப் பிடிக்கும்போது அவன் கை நடுங்குகிறது. எடுத்துச் சொன்னால், "நான் குடிநோயாளி என்றால் சோதனையில் தெரிந்திருக்காதா?" என்று கேட்கிறான். இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இச்சோதனை உண்மையில் எதை அளக்கிறது? அதன் முடிவை நம்பி நாங்கள் அமைதியாக இருக்கலாமா?

பதில் 1 (மது மீட்புச் சிகிச்சை மருத்துவர்)

அமைதியாக இருக்க வேண்டாம். மூச்சுச் சோதனை அளப்பது அந்த நேரத்தில் இரத்தத்தில் உள்ள மதுவை மட்டுமே. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றில் உள்ள சாராயம், கருவிக்குள் இருக்கும் பிளாட்டின மின்முனையில் ஆக்சிசனேற்றம் அடைந்து மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டத்தின் அளவைக் கொண்டு இரத்த அளவு கணக்கிடப்படுகிறது. ஒருவர் எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார், குடியை நிறுத்த முடிகிறதா என்பதெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். உடல் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 0.015 விழுக்காடு என்ற அளவில் மதுவை இரத்தத்திலிருந்து நீக்குகிறது. எப்போதோ ஒருமுறை கொண்டாட்டத்தில் அளவு மீறிக் குடித்தவருக்கு நள்ளிரவில் 0.16 இருந்தால், காலை 7 மணிக்கு ஏறத்தாழ 0.055 மீதம் இருக்கும், அவர் சிக்கிக்கொள்வார். நாள்தோறும் மாலையில் குடித்து, இரவு 9 மணிக்கு 0.10 என்ற அளவில் நிறுத்திவிட்டு உறங்குபவருக்கோ விடியற்காலை 4 மணிக்கு முன்பே அது பூஜ்யமாகிவிடும். மேலும், நெடுங்காலம் மிகுதியாகக் குடிப்பவரின் கல்லீரல், அது கெட்டுப்போகும் கட்டம் வரை, மதுவைப் பிறரைவிட விரைவாகவே சிதைக்கும். ஆகவே, நோய் முற்றியவர் தேறுவதும் நோயற்றவர் மாட்டுவதும் இச்சோதனையில் இயல்பாகவே நடக்கக்கூடியவை. உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. சோதனை கேட்காத கேள்விக்கு அதன் முடிவை விடையாகக் கொள்கிறார், அவ்வளவுதான்.

பதில் 2 (ஓய்வுபெற்ற படைவீரர்)

மருத்துவர் கூறியதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். சோதனை வந்ததும் எங்கள் பிரிவில் குடியின் அளவு குறையவில்லை, குடிக்கும் நேரம்தான் மாறியது. பணி முடிந்தவுடனேயே வேகமாகக் குடித்து முடித்துவிடப் பழகிக்கொண்டார்கள்.

போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனையுடன் இதை ஒப்பிடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். போதைப்பொருள் முற்றிலும் தடை செய்யப்பட்டது. அதன் தடயமும் உடலில் நாள்கணக்கில் தங்குகிறது. மதுவோ சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. பல படைகளில் முகாமுக்குள்ளேயே குறைந்த விலைக்கு விற்கப்படுகிறது. பதவி உயர்வு, பிரிவுபசாரம் எதுவானாலும் கோப்பையோடுதான் நடக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு நாள்தோறும் வழங்கிவந்த ரம் பங்கீட்டை 1970 ஜூலை 31 அன்றுதான் நிறுத்தியது என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும். அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரே அமர்வில் மிகையாகக் குடித்ததாகக் கூறிய அந்நாட்டுப் படையினரின் பங்கு 1998இல் 35 விழுக்காடாக இருந்து 2008இல் 47 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

அதற்குப் பின் 2013 தொடக்கத்தில் அமெரிக்க மரைன் படை ஒவ்வொரு வீரருக்கும் ஆண்டுக்கு இருமுறை மூச்சுச் சோதனை என்ற விதியைக் கொண்டுவந்தது. அவ்விதியில் எனக்குப் பிடித்தது, 0.01 காட்டினாலே ஆலோசனைக்கோ சிகிச்சைக்கோ அனுப்பும் வழி திறக்கிறது என்பதும், 0.04 அல்லது அதற்கு மேல் என்றால் பணிக்குத் தகுதியானவரா என்று மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதும்தான். கருவி ஒன்றாகவே இருந்தாலும், முடிவு வந்தபின் அந்த வீரரை எங்கே அனுப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டனை மட்டுமே காத்திருந்தால் எவரும் வாய் திறக்க மாட்டார்கள், உடன் இருப்பவர்களும் மறைத்துவிடுவார்கள். நானும் ஒருவரை அப்படி மறைத்திருக்கிறேன். அவருக்கு நன்மை செய்வதாகவே அப்போது நம்பினேன்.

பதில் 3 (வானூர்திப் பராமரிப்புப் பணியில் இருப்பவர்)

மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுச் சோதனையே வீண் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அது நோயைக் கண்டறிவதற்காக மட்டும் ஏற்பட்டது அன்று. தோட்டா நிரப்பிய ஆயுதத்தையோ வானூர்தியின் கட்டுப்பாட்டுப் பகுதிகளையோ தொடுபவரின் உடலில் அந்த நேரத்தில் மது இருக்கிறதா என்று அறிவதே எனக்கும் என்னோடு பணியாற்றுபவர்களுக்கும் உயிர்க் காப்பு. பிரிட்டனின் 2011ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டம் பாதுகாப்பு தொடர்பான இத்தகைய பணிகளுக்கு மது வரம்பு விதிக்க வழிசெய்தது இதனால்தான். ஆனால் முறையாக நடத்த வேண்டும்: வாய் கொப்பளிக்கும் மருந்தில் உள்ள சாராயம்கூடக் கருவியை ஏமாற்றும் என்பதால், 15 நிமிடம் காத்திருந்து மறுசோதனை செய்யாமல் எவர் மீதும் குற்றம் சுமத்தக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கணக்கைக் காட்டியதும் தம்பி வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மருத்துவரிடம் போனால் கட்டளை அதிகாரிக்குச் செய்தி போய்விடும், நானே இன்றிரவு முதல் நிறுத்திவிடுகிறேன்" என்றான். விடச் சொல்லலாமா?

பதில் 2 (ஓய்வுபெற்ற படைவீரர்)

அந்த அச்சம் உண்மையானது. அமெரிக்கத் தரைப்படையே 2019இல்தான், வீரர் தாமாக முன்வந்தால் கட்டாயச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்க்காமலும் பொதுவாக அதிகாரிக்குத் தெரிவிக்காமலும் சிகிச்சை அளிக்கலாம் என விதியை மாற்றியது. உங்கள் தம்பியின் படையில் விதி என்ன என்பதைப் பெயர் சொல்லாமல் படை மருத்துவப் பிரிவிலேயே கேட்கலாம்.

பதில் 1 (மது மீட்புச் சிகிச்சை மருத்துவர்)

திடீரென்று தனியாக நிறுத்த விடாதீர்கள். காலை நடுக்கம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்குக் கவலை ஏற்பட்டது; அது உடல் மதுவைச் சார்ந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கக்கூடும். அத்தகையவர் ஒரேயடியாக நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் காய்ச்சலும் ஏற்படலாம். மருத்துவக் கண்காணிப்பில், விலகல் அறிகுறிகளை அடக்கும் மருந்துகளும் வைட்டமின் பி1 ஊசியும் தந்து நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இக்கட்டத்தைக் கடந்துவிடலாம். விடுமுறை முடிவதற்குள் அழைத்துச் செல்லுங்கள். நடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, நாள்தோறும் எவ்வளவு குடிக்கிறார் என்ற மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்; மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.