கலைச்சொல்: எச்.ஆர்.வி.க்கு ‘வெப்ப மீட்பு’ பொருந்துமா?

கிளிநொச்சி, கட்டட வரைஞர்

எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக் கட்டுமானச் சொற்கோவையில் எச்.ஆர்.வி.க்கு (Heat Recovery Ventilator, மூடிய வீட்டின் பழைய வளியை வெளியேற்றிப் புது வளியைக் கொண்டுவரும் பெட்டி) இப்போது ‘வெப்ப மீட்புக் காற்றோட்டம்’ என்று இருக்கிறது. இதை மாற்றவேண்டும் என்பது என் நிலைப்பாடு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் உறவுகள் சொல்லி, வன்னியில் கட்டும் புது வீட்டுக்கும் இந்தப் பெட்டியைப் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பெயரே அவர்களைப் பிழையான பக்கம் கொண்டுபோகிறது.

பெட்டிக்குள் இரண்டு மின்விசிறி, இரண்டு வடிகட்டி, நடுவில் மெல்லிய தகடுகளை அடுக்கிய ஒரு கூடு. வீட்டுக்குள்ளிருந்து போகும் பழைய வளியும் வெளியிலிருந்து வரும் புது வளியும் இந்தத் தகடுகளின் இரு பக்கமும் ஓடும், கலக்காது. வெப்பம் மட்டும் தகட்டினூடாகக் கடக்கும். வெளியே மறை 10 பாகை, உள்ளே 20 பாகை, கூட்டின் வினைத்திறன் 80 வீதம் என்றால் புது வளி 14 பாகையில் வீட்டுக்குள் வரும். அங்கே அது உண்மையிலேயே மீட்பு.

இங்கே வெளியே 33, குளிரூட்டிய அறைக்குள் 25. உள்ளே வரும் வளி தன் வெப்பத்தை வெளியேறும் வளியிடம் விட்டுவிட்டு வருகிறது. 75 வீத வினைத்திறனில் 27 பாகையில் நுழையும். வெப்பம் எதையும் நாங்கள் மீட்கவில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். ‘வெப்ப மீட்பு’ என்று வாசிக்கிறவர் இது வீட்டைச் சூடாக்கும் பெட்டி என்றே விளங்கிக்கொள்வார்.

என் பரிந்துரை: வெப்பமாற்றுக் காற்றோட்டி. எந்தத் திசையில் வெப்பம் போனாலும் இந்தப் பெயர் பிழையாகாது.

வவுனியா, குளிரூட்டி வேலை

அண்ணை சொன்னது சரி. ஆனால் இங்கே வெப்பத்தைவிடப் பெரிய சுமை ஈரம். பெயர் வைக்கும்போது ஈ.ஆர்.வி.யையும் (Energy Recovery Ventilator, வெப்பத்தோடு ஈரத்தையும் கடத்தும் வகை) சேர்த்து யோசிக்காவிட்டால் பாதி வேலைதான் முடியும்.

இரண்டு பேர் படுக்கும் அறைக்குச் செக்கனுக்கு 15 லீற்றர் புது வளி போதும். காபனீரொட்சைட்டு 1000 பி.பி.எம்.முக்குக் கீழே நிற்கும். (சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிவளியை உள்ளே எடுப்பதே இல்லை, அறைக்குள் இருப்பதையே சுற்றுகிறது. இது தெரியாமல் யன்னல் இடுக்கெல்லாம் அடைக்கிறார்கள்.) இரவில் வெளியே 26 பாகை, சாரீரப்பதன் 90 வீதம், உள்ளே 25 பாகை, 55 வீதம் என்று எடுங்கள். வெப்பச் சுமை (வளிக்குரிய மாறிலி 1.2 × ஓட்டம் × பாகை வித்தியாசம்): 1.2 × 15 × 1, அதாவது 18 வாற். ஈரச் சுமை: ஒரு கிலோ வளியில் வெளியே ஏறக்குறைய 19 கிராம் நீராவி, உள்ளே 11. வித்தியாசம் 8 கிராம். ஈரத்துக்குரிய மாறிலி 3 என்பதால் 3 × 15 × 8, அதாவது 360 வாற். வெப்பத்தைப் போல இருபது மடங்கு.

எச்.ஆர்.வி.யின் தகடு ஈரத்தைக் கடத்தாது. ஆகவே அந்த 18 வாற்றில் முக்கால்வாசியைத்தான் அது தடுக்கும். இரண்டு விசிறியும் எடுக்கும் மின் அதைவிடக் கூட. மத்தியானம் 8 பாகை வித்தியாசத்தில் 108 வாற் வெப்பம் தடுபடும். ஏசி ஒரு பங்கு மின்னுக்கு மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்தால் மிச்சமாகும் மின் 36 வாற். விசிறிக்கு 25 வாற் போனால் கையில் நிற்பது 11.

ஈ.ஆர்.வி.யில் தகட்டுக்குப் பதில் நீராவி கடக்கும் மென்சவ்வு இருக்கும். ஈரத்தில் 60 வீதம் கடத்தினால் 216 வாற் சுமை குறையும். மின்னில் 72 வாற். எட்டு மணித்தியாலத்துக்கு 0.58 யுனிற், விசிறிக்கு 0.2 கழித்தால் ஓர் இரவுக்கு அரை யுனிற்றும் தேறாது. பெட்டி, குழாய், கூலி எல்லாம் பார்த்தால் மின்கட்டணத்துக்காக மட்டும் இதைப் போடச் சொல்லமாட்டேன். நாள் முழுக்க ஏசி ஓடும் மூடிய வீடு, உள்ளே மூச்சு வருத்தக்காரர் இருக்கிறார், வெளியே புழுதியும் புகையும் என்றால் சுத்தமான வளிக்காகப் போடலாம். மருந்தகம், கணினி அறை போன்ற இடங்களுக்கு இன்னும் பொருந்தும்.

ஆகவே இரண்டு பெயர் வேணும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெயரிலேயே தெரியவேணும்.

முல்லைத்தீவு, விஞ்ஞான ஆசிரியர்

‘வெப்பமாற்று’ என்பதில் ஒரு தடை இருக்கிறது. ‘மாற்று’ என்றால் ‘பதிலாக உள்ளது’ என்றும் பொருள். மாற்று மருத்துவம், மாற்று வழி என்கிறோம். வெப்பத்துக்குப் பதிலான ஏதோ ஒன்று என்று பிள்ளைகள் வாசிக்க இடமுண்டு. ‘பரிமாற்று’ என்றால் அந்த மயக்கம் இல்லை. ஒரு பக்கம் கொடுத்து மறு பக்கம் வாங்குவது என்ற பொருளும் நேராக வருகிறது.

‘வளி’யா, ‘காற்றா’ என்ற கேள்வியும் வரும். எங்கள் பாடநூல்களில் பொருளைச் சொல்ல ‘வளி’ வழக்கில் உள்ளது. ஆனால் வீட்டைப் பற்றிப் பேசும்போது ‘காற்றோட்டம்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். கருவியின் பெயருக்குக் ‘காற்றோட்டி’, உள்ளே ஓடுவதைச் சொல்ல ‘உள்வரு வளி’, ‘வெளியேறு வளி’ என்று வைத்தால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்.

எச்.ஆர்.வி.: வெப்பப் பரிமாற்றுக் காற்றோட்டி.
ஈ.ஆர்.வி.: வெப்ப-ஈரப் பரிமாற்றுக் காற்றோட்டி.

நீளம்தான். ஆனால் கடையில் ஒருவர் ‘ஈரப் பரிமாற்று உள்ளதா, இல்லாததா?’ என்று கேட்டாலே போதும், சரியான பெட்டி கைக்கு வந்துவிடும். ‘ஆற்றல் மீட்பு’ என்று ஈ.ஆர்.வி.யை நேரே பெயர்த்தால் ஈரம் என்ற சொல்லே மறைந்துபோகும். இங்கே முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

வவுனியா, குளிரூட்டி வேலை

சேரின் இரண்டு பெயரும் எனக்குச் சம்மதம். பாகங்களுக்கும் சொல் வேணும் என்பதால் பிழை நடக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் வீடு. ஓட்டுக்கூரை, சீலிங் இல்லை, சுவருக்கும் கூரைக்கும் நடுவே வெளி என்றால் இந்தக் கதையே வேண்டாம். சோளகம் அடிக்கும்போது அந்த வெளியால் வரும் வளி பெட்டி தருவதைவிடப் பல மடங்கு. சோதிக்க வழி: கதவு யன்னலைப் பூட்டி, குளியலறை விசிறியைப் போட்டு, ஊதுபத்திப் புகையை யன்னல் ஓரம், சீலிங் மூலை, வயர் வரும் துளை எல்லாவற்றிலும் பிடியுங்கள். புகை உள்ளே தள்ளப்படும் இடமெல்லாம் ஒழுக்கு. அப்படிப்பட்ட வீட்டுக்குக் காசை முதலில் கூரைக்குக் கீழே வெப்பத் தடுப்புத் தாளுக்கும், மேற்கு யன்னல் நிழலுக்கும், குசினி விசிறிக்கும் போடுவதே புத்தி.

கனடாவிலிருந்து கொள்கலனில் பெட்டி அனுப்புகிறவர்களுக்கு: அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைத்து வோல்ற்றைக் குறைக்கலாம், ஹேர்ட்ஸ் மாறாது. சாதாரண மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் ஏறும்.

அடுத்தது நீர். ஏசியை 22இல் வைத்தால் தகடு வெளிவளியின் பனிபடுநிலைக்கு (நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே போய்விடும். மேலே சொன்ன இரவில் அந்த நிலை 24 பாகை. வியர்ப்பது உள்வரு வளியின் பக்கம். குளிர்நாட்டுப் பெட்டியில் வடிகுழாய் வெளியேறு வளியின் பக்கத்தில் மட்டும் இருந்தால் நீர் கூட்டுக்குள்ளேயே தேங்கி மணக்கும். வாங்கமுன் இரண்டு பக்கமும் வடிகுழாய் உண்டா என்று பாருங்கள். அறையிலிருந்து பெட்டிக்குப் போகும் குளிர்ந்த குழாய் சீலிங்குக்கு மேலால் போனால் குறைந்தது 25 மில்லிமீற்றர் வெப்பக்காப்பு சுற்றவேணும், மூட்டு ஒன்றும் விடாமல்.

செம்மண் புழுதிக் காலத்தில் உள்வரு வடிகட்டியை மாதம் ஒருதரம் கழற்றிப் பார்க்கவேணும். அது அடைபட்டால் பெட்டி உள்ளே தருவதைவிட வெளியே தள்ளுவது கூடும். குறையும் வளி வடிகட்டாமல், ஈரத்தோடு, இடுக்குகளால் வரும். போடும்போது இரண்டு பக்க ஓட்டத்தையும் அளந்து சமப்படுத்தவேணும். இதற்கு ‘ஓட்டச் சமநிலை’ போதும். வெளியே திறக்கும் வாய் இரண்டுக்கும் இடையில் 3 மீற்றர் விடுங்கள், வளியை உள்ளே எடுக்கும் வாய் குசினிப் புகைக்கும் ஜெனரேற்றருக்கும் தூரவே இருக்கட்டும்.

ஒரு பாகத்துக்கு இன்னும் சொல் இல்லை. மாசியில் இரவு வெளியே 22, வீட்டுக்குள் 28 இருந்தால் கூடு குளிர்ந்த வளியைச் சூடாக்கித்தான் உள்ளே விடும். அப்போது வளியைக் கூட்டுக்குள் விடாமல் பக்கத்தால் விடும் கதவு ஒன்று திறக்கவேணும், பைபாஸ் என்பார்கள். இங்கே அது இல்லாத பெட்டியை வாங்கக்கூடாது.

கிளிநொச்சி, கட்டட வரைஞர்

‘பரிமாற்று’ என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கூட்டுக்குப் ‘பரிமாற்றுக் கூடு’. பைபாஸுக்கு ‘விலகுவழி’ என்று வைக்கிறேன். ‘சுற்றுவழி’ என்றால் மின்சுற்றோடு குழம்பும். ஈ.ஆர்.வி. பதிவின் விளக்கம் இப்படி: “உள்வரு வளிக்கும் வெளியேறு வளிக்கும் இடையே வெப்பத்தையும் நீராவியையும் மென்சவ்வினூடாகப் பரிமாறும் காற்றோட்டி, மூடிய, தொடர்ந்து குளிரூட்டும் கட்டடங்களுக்கு.” சவ்வுக்குப் பதிலாக சுழலும் ஈரமுறிஞ்சிச் சில்லு வைத்த வகையும் உண்டு. அதையும் சேர்க்க ‘மென்சவ்வினூடாக’ என்பதை எடுத்துவிடலாமா, தம்பி?