ஜப்பானில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் எப்படிப் பழகினீர்கள்?

காரைக்குடிப் பையன்:
கியோட்டோவில் இரண்டு வருடம் முதுநிலை படித்துவிட்டுப் போன மாதம் வந்தேன். அங்கே ரயிலில் யாரும் போனில் பேசமாட்டார்கள், இங்கே பஸ்ஸில் ஏறினாலே தலை வலிக்கிறது. எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு இன்னொரு நாள், பாட்டில் மூடி தனி, லேபிள் தனி என்று கை பழகிவிட்டது, வீட்டிலோ எல்லாம் ஒரே வாளி. மளிகைக் கடையில் மீதிக் காசு வாங்கும்போதும் தலை தானாகக் குனிகிறது, அப்பத்தா பார்த்துக் கவலைப்படுகிறார். எவ்வளவு நாளில் சரியாகும்?

தேவகோட்டை அண்ணன்:
தம்பி, எனக்கு ஆறு மாதம் ஆனது. எல்லாவற்றையும் விட வேண்டாம். செருப்பைக் கழற்றி முனை வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பதை நான் இன்னும் விடவில்லை, இப்போது முகப்பில் என் பிள்ளைகளும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

ஒசாகாவிலிருந்து:
இது ஜப்பானியர்களுக்கே வரும். என்னோடு வேலை பார்ப்பவர் கனடாவில் படித்துத் திரும்பியவர், கூட்டத்தில் நேராக "இது சரியில்லை" என்றுவிடுவார், அறையே அமைதியாகிவிடும். சொல்லாததைப் புரிந்துகொள்வதைக் 'காற்றை வாசிப்பது' என்பார்கள் இங்கே, அது அவருக்கு மறந்துபோயிருந்தது. வெளிநாட்டில் வளர்ந்து திரும்பும் பிள்ளைகளுக்குக் 'கிகோகு ஷிஜோ' என்று பெயரே உண்டு, பல பல்கலைக்கழகங்களில் அவர்களுக்குத் தனித் தேர்வும் உண்டு.

காரைக்குடிப் பையன்:
நன்றி அண்ணன், நன்றி ஒசாகா. அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய் வந்த அவருடைய ஐயாவும், வந்த புதிதில் வளவில் உட்கார்ந்து பர்மிய மொழியில்தான் காசு எண்ணுவாராம்.