243 கட்டத்தில் ஓட்டினால் 122ஆம் வரிசையில் படம் மறைந்துவிடுகிறது, ஏன்?

சாம்பல்தீவுப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான். அதில் ஆர்எஃப்ஓ பேசிக் என்ற புரோகிராம் எழுதும் ஆப்பைப் போட்டு எழுதிப் பழகுகிறேன். நிலாவெளியில் மாமாவின் விடுதியில் வேலை. மாரி தொடங்கி வெளிநாட்டுக்காரர் வருவது நின்றுவிட்டதால் பகலில் நேரம் கிடைக்கிறது.

நான் செய்வது ஒருபரிமாண செல்லுலார் ஆட்டோமேட்டா. ஒரு வரிசை கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 0, 1, 2 இல் ஏதாவது ஒன்று. 0 கறுப்பு, 1 மஞ்சள், 2 நீலம். அடுத்த வரிசையில் ஒரு கட்டத்துக்கு என்ன வரும் என்றால், அதற்கு நேர் மேலே இருப்பது, அதன் இடப்பக்கம், வலப்பக்கம் மூன்றையும் கூட்டி 3ஆல் வகுத்த மீதி. பழைய வரிசைக்கு எண்களை அடுக்கி வைக்கிற ஒரு அணி (அரே), புதியதற்கு வேறோர் அணி. இடது ஓரக் கட்டத்துக்குப் பக்கத்து வீடு வலது ஓரக் கட்டம், அதாவது வளையம்.

போனின் அகலம் 1080 பிக்சல். கட்டத்துக்கு 4 பிக்சல் வைத்து, 3இன் அடுக்காக இருக்கட்டும் என்று 243 கட்டம் எடுத்தேன். தொடக்க வரிசையை 0 என்று எண்ணுகிறேன், அதில் நடுவில் ஒரே ஒரு 1. முக்கோணத்துக்குள் முக்கோணமாக அவ்வளவு அழகாக இறங்கி வருகிறது. 121ஆம் வரிசை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முழு மஞ்சள். 122இலிருந்து கறுப்பு, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அகலத்தை 240 ஆக்கினால் இப்படி நிற்பதில்லை, திரையின் அடி வரை படம் போகிறது.

இது புரோகிராமின் பிழையா, இல்லை கணக்கே இப்படித்தானா? இன்னொன்று, கட்டங்களை ஜிஆர்.ரெக்ட் என்கிற செவ்வகம் வரையும் கட்டளையால் வரைகிறேன். கீழே போகப் போக மிகவும் மெதுவாகிறது. அதற்கும் வழி சொன்னால் உதவி.

மூதூர்க்காரி:

தம்பி, வேகத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஆர்எஃப்ஓ பேசிக்கில் ஜிஆர்.ரெக்ட் போட்டால் அது வரைந்து மறந்துவிடுகிற கோடு அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜிஆர்.ரெண்டர் என்று சொல்லும்போதெல்லாம் பட்டியல் முழுவதையும் தொடக்கத்திலிருந்து திரும்ப வரையும். 243 கட்டம், 122 வரிசை என்றால் முப்பதாயிரத்துக்குக் கிட்ட. போன் பாவம்.

ஜிஆர்.பிட்மேப்.கிரியேட்டால் வெற்றுப் படம் ஒன்று உண்டாக்குங்கள். ஜிஆர்.பிட்மேப்.டிராஇன்டு.ஸ்டார்ட் போட்டு அதற்குள் வரையுங்கள். அப்போது பட்டியலில் எதுவும் சேராது. முடிந்ததும் டிராஇன்டு.எண்ட், பிறகு அந்தப் படத்தை ஜிஆர்.பிட்மேப்.டிராவால் ஒரே பொருளாகத் திரையில் வைத்து ஒரு ரெண்டர். படத்தை முதலில் முழுக்கக் கறுப்பாக்கிவிட்டால் 0 கட்டங்களை வரையவே தேவையில்லை.

உவர்மலை டீச்சர்:

தம்பி, உங்கள் புரோகிராம் சரி. வளையத்தில் வரவேண்டியதுதான் வந்திருக்கிறது. போனைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு சதுர றூள் கொப்பி எடுங்கள். இது கையால் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு, அப்போதுதான் மனதில் நிற்கும்.

தொடக்கம் 1. முதலாம் வரிசை 1 1 1. இரண்டாவது 1 2 0 2 1. மூன்றாவது 1 0 0 1 0 0 1.

இந்த மூன்றாவதில் நில்லுங்கள். தொடக்கத்தில் தனியாக நின்ற 1ஐ விதை என்று வைத்துக்கொண்டால், ஒரு விதை மூன்று விதையாகிவிட்டது, இடையில் இரண்டிரண்டு வெறுங்கட்டம். அடுத்த வரிசையில் ஒவ்வொரு விதையும் 1 1 1 என்று விரியும்போது இடைவெளி அச்சொட்டாக நிரம்பி, 4ஆம் வரிசையில் ஒன்பது 1கள் வரிசையாக நிற்கும். அதே கதை பெரிதாகத் திரும்ப நடக்கிறது. 9ஆம் வரிசையில் மூன்று விதைகள், ஒன்பது கட்டத்துக்கு ஒன்று. அவை நான்கு வரிசையில் ஒன்பதொன்பதாக விரிந்து 13ஆம் வரிசையில் 27 கட்டத்தை நிரப்பும். 40ஆம் வரிசையில் 81. 121ஆம் வரிசையில் 243. 121 என்பது 81, 27, 9, 3, 1 இவற்றின் கூட்டுத்தொகை என்பதையும் பாருங்கள்.

உங்கள் வளையத்தில் இருப்பதும் 243 கட்டம்தான். எல்லாக் கட்டமும் 1 ஆனபின் அடுத்தது 1+1+1, அதாவது 3. மீதி 0. திறந்த வரிசையாக இருந்தால் இரு ஓரமும் பிழைத்து அங்கிருந்து படம் தொடரும். வளையத்துக்கு ஓரம் இல்லை, அதனால் மிச்சமே இல்லை. வளையத்தை 9 ஆக்கிப் பாருங்கள்: 4இல் முழு மஞ்சள், 5இல் கறுப்பு.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த விதி வெறும் கூட்டல். ஆகவே எந்தத் தொடக்க வரிசையும் தனித்தனி விதைகள் வளர்த்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று கூட்டியதுதான். ஒவ்வொரு விதையும் 122இல் அழிகிறது என்றால் அவற்றின் கூட்டும் அழியத்தானே வேண்டும்? 243 கட்டத்தையும் கண்டபடி நிரப்பி ஓட்டுங்கள். பிந்தினால் 122இல் எல்லாம் கறுப்பாகிவிடும்.

புறாமலை டைவர்:

இடையில் ஒரு வார்த்தை. இரண்டே நிறத்தோடு இதைத் தொடங்கினால் மேலுள்ள மூன்று கட்டத்துக்கு 8 நிலை, ஒவ்வொன்றுக்கும் இரண்டில் ஒரு நிறம், ஆகவே 0 முதல் 255 வரை எண்ணிட்ட 256 விதி. ஸ்டீபன் வொல்ஃப்ராம் 1983இல் இவற்றை ஒழுங்காக ஆராய்ந்து எழுதினார். அதில் 30ஆம் விதியை ஓட்டிப் பாருங்கள் தம்பி. டெக்ஸ்டைல் கோன் என்கிற கூம்புச் சங்கின் முதுகில் இருக்கிற முக்கோணக் கோலம் போலவே வரும். நம் கடலிலும் உள்ள சங்குதான். உயிரோடு இருந்தால் தயவுசெய்து கையால் தொடவேண்டாம், அதன் விஷம் ஆளைக் கொல்லக்கூடியது. புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே கிடப்பதை எடுக்கவும் கூடாது. படம் பிடித்து வந்து போனில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சாம்பல்தீவுப் பொடியன்:

மூதூர் அக்கா, பிட்மேப்புக்கு மாற்றியதும் படம் உடனேயே வந்துவிடுகிறது, மிக்க நன்றி. டீச்சர், கட்டங்களை ரேண்டமாக நிரப்பி ஓட்டினேன். மேலே ஒரே நிறக்குழப்பமாக இருந்தும் 122இல் கறுப்பாகிவிட்டது. விளங்கிய பிறகு பார்க்கும்போது இன்னும் பிடிக்கிறது. ஆனால் அழியாமல் ஓடுகிற, இன்னும் நிறம் கூடிய படம் வேண்டுமென்றால் எதை மாற்றவேண்டும்?

உவர்மலை டீச்சர்:

இரண்டு வழி சொல்கிறேன்.

முதலாவது, கூட்டிய பிறகு மீதி எடுக்காமல் ஒரு அட்டவணையைப் பார்க்கச் செய்யுங்கள். மூன்று நிறத்தில் மூன்று கட்டத்தின் கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை, ஏழு நிலைதான். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் விரும்பும் நிறம். அப்படி 2187 அட்டவணைகள் உண்டு. கூட்டுத்தொகையை விட்டு இடம், நடு, வலம் என்று பிரித்துப் பார்க்கிற விதிகளையும் எடுத்தால் 7.6 லட்சம் கோடியைத் தாண்டும், அது இப்போதைக்கு வேண்டாம். பரீட்சைக்கு ஒன்று: 0 1 2 1 0 0 1. ஒரு விதையிலிருந்து 1 1 1, பிறகு 1 2 1 2 1, பிறகு 1 1 0 0 0 1 1 வரவேண்டும். வந்தால் புரோகிராம் சரி, அதன்பின் உங்கள் சொந்த அட்டவணைகளைப் போடுங்கள். முதல் எண்ணை மட்டும் 0 ஆகவே வையுங்கள், இல்லாவிட்டால் வெறும் பின்னணியே நிறம் மாறிவிடும். ஆர்எஃப்ஓ பேசிக்கில் அணி 1இலிருந்து தொடங்குவதால் கூட்டுத்தொகையோடு 1 கூட்டித்தான் அட்டவணையில் தேடவேண்டும்.

இரண்டாவது, உங்கள் கூட்டல் விதியையே வைத்து நிறத்தை 5 ஆக்குங்கள், 5ஆல் வகுத்த மீதி. வளையம் 125 கட்டம். 4 நிறம் வேண்டாம். 4 பகாஎண் அல்ல, அதன் 4ஆம் வரிசை 1 0 2 0 3 0 2 0 1 என்று வரும், விதை சுத்தமாகப் பிரியாது. 5இல் பிரியும். 125ஆம் வரிசையில் என்ன இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

சாம்பல்தீவுப் பொடியன்:

டீச்சர், பார்த்தேன்! 125ஆம் வரிசையில் நடுக்கட்டம் மட்டும்தான், மற்றதெல்லாம் கறுப்பு. ஆனால் நடுவில் 1 இல்லை, 3. அதிலிருந்து முழுப் படமும் வேறு நிறத்தில் திரும்பத் தொடங்குகிறது. என் போனின் உயரம் 2400 பிக்சல், கட்டத்தை 4 பிக்சலிலேயே வைத்ததால் 500 வரிசைக்கும் இடம் இருந்தது. 250இல் 4, 375இல் 2, 500இல் திரும்பவும் 1.

உவர்மலை டீச்சர்:

நல்லது தம்பி. 125ஆம் வரிசையில் விதை இடம், நடு, வலம் என்று மூன்றாகப் பிரிகிறது. ஆனால் இரு பக்கமும் 125 கட்டம் தள்ளிப் போவதால் வளையத்தைச் சுற்றி மூன்றும் அதே கட்டத்தில் வந்து விழுகின்றன. ஆகவே ஒவ்வொரு 125 வரிசைக்கும் விதை 3ஆல் பெருகுகிறது: 1, 3, 9க்கு 4, 12க்கு 2, 6க்கு 1. மூன்று நிறத்தில் அந்த 3தான் 0 ஆகிப் படத்தை அழித்தது. அடுத்தது 7 நிறம், 49 கட்டம். ஓட்டுவதற்கு முன் 49ஆம் வரிசையில் என்ன வரும் என்று கொப்பியில் எழுதி வைத்துவிட்டு ஓட்டுங்கள்.