பனி நாட்டில் எண்ணெய் கொட்டினால் கரும்புச் சோகைக்கு எங்கே போவார்கள்?

மாஹேபூர்_அக்கா:
வணக்கம். மொரீஷியஸின் மாஹேபூரில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். 2020 ஆகஸ்டில், பவளப்பாறையில் ஏறி நின்ற கப்பலிலிருந்து எங்கள் லகூனில் (பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவே உள்ள கடலில்) எண்ணெய் கொட்டியது நினைவிருக்கும். எண்ணெய் பரவாமல் தடுக்க, கரும்பின் காய்ந்த இலையான சோகையைத் துணிக்குள் திணித்து மிதவை தைத்தோம். சலூன்களிலிருந்து தலைமுடி மூட்டை மூட்டையாக வந்தது. எத்தனை முறை கழுவியும் கையிலிருந்து அந்த வாடை போகவில்லை. மீன்பிடிக்கத் தடை. என் தம்பி பல மாதம் படகைக் கரையேற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

போன வாரம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், பனி இருக்கிற ஊரில் எண்ணெய் கொட்டினால் சோகைக்கு எங்கே போவார்கள்?" அங்கே மனிதர்களே இல்லை என்றுதான் மற்ற பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். நானும் பதில் தெரியாமல் நின்றேன். யாராவது சொல்லுங்கள்.

போர்லூயி_வாசகன்:
அக்கா, அதே 2020, மே 29. சைபீரியாவின் நொரில்ஸ்க் நகரில், நொர்நிக்கல் என்ற நிக்கல் நிறுவனத்துக்குச் சொந்தமான மின்நிலையத்தின் டீசல் தொட்டி உடைந்தது. நம் லகூனில் கொட்டியது ஏறக்குறைய 1,000 டன், அங்கே 21,000 டன். அம்பார்னயா ஆறு செக்கச் சிவந்து ஓடியது. மீட்புப் படையினர் மிதவை கட்டி எண்ணெயை உறிஞ்சினார்கள். அங்கே மனிதர்களே இல்லை என்பது தப்பு. அந்த வட்டாரத்தில் டோல்கான், நெனெத்ஸ், ஙனசான் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மீனும் கலைமானும்தான் சோறு. 2021-இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைச் சுமார் 14,600 கோடி ரூபிள் கட்டச் சொன்னது. அதில் பெரும்பங்கு மத்திய அரசின் கருவூலத்துக்குப் போனது. எனக்கு நெஞ்சு கொதித்தது இதில்தான்.

இன்னொன்று. நீங்கள் சோகை திணித்துக்கொண்டிருந்த அதே ஆகஸ்டில் ரஷ்யப் பழங்குடி ஆர்வலர்கள் எலான் மஸ்க்குக்குத் திறந்த மடல் எழுதினார்கள். எங்கள் நிலத்தைச் சரிசெய்து நஷ்டஈடு தரும்வரை நொர்நிக்கலின் நிக்கலை வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். மின்சாரக் கார் பேட்டரிக்குப் போகும் நிக்கல் அது.

குவாத்ர்போர்ன்_ஐயா:
எல்லாம் சரி. சுரங்கம் வந்தால் வேலையும் வரும், அதையும் பிள்ளைகளிடம் சொல்லம்மா. ஆலை மூடினால் வீட்டில் அடுப்பு என்ன ஆகும் என்று கரும்பாலையில் வேலை பார்த்த எனக்குத் தெரியும்.

போர்லூயி_வாசகன்:
ஐயா, நீங்கள் சொல்வது நிஜம்தான். கனடாவின் பாஃபின் தீவில் மேரி ரிவர் இரும்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பழங்குடிகளான இனுயிட் மக்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள், அவர்கள் சங்கத்துக்கும் பங்குப்பணம் போகிறது. அப்படியும் 2021 பிப்ரவரிக் குளிரில் வேட்டைக்காரர்கள் சிலர் சுரங்கத்தின் விமான ஓடுதளத்தையும் சாலையையும் மறித்து உட்கார்ந்தார்கள். தாது ஏற்றும் கப்பல்களின் இரைச்சலில் கொம்புத் திமிங்கிலம் (நார்வால்) விலகிப் போகிறது என்பது அவர்கள் குறை. அதன் தோலும் கொழுப்பும் சேர்ந்த மக்தாக்தான் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. சுரங்கத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்தை 2022 நவம்பரில் அரசு நிராகரித்தது. வேலை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எவ்வளவு, எந்தக் கடல் வழியாக என்பதைத் தங்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்கிறார்கள்.

மாஹேபூர்_அக்கா:
நன்றி தம்பி. ஐயா, ஆலை மூடிய கதையைச் சொல்ல நீங்களே சனிக்கிழமை வகுப்புக்கு வர முடியுமா? என் தம்பியும் வருகிறான். கறை போகாத அந்தப் பழைய வலைத்துண்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.