வீராணம் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் வாங்க: எங்கே, எப்போது, எதை வைத்து?

சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை:
கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பக்கமே வந்துவிட்டேன், சொந்த ஊர் திருப்பூர். லீவு நாளில் ஏரிக்கரையில் உட்கார்ந்தால் சுண்டுவிரல் அளவு கெண்டையும் ஜிலேபிக் குஞ்சும்தான் மாட்டுகிறது. பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் மட்டும் பை நிறையக் கொண்டு போகிறார், கேட்டால் சிரிக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்க.

வடவாற்றங்கரை:
தம்பி, ஏரி ரொம்ப நீளம். அத்தனை கரையிலும் மீன் இருக்கும், ஆனால் தின்கிற மனநிலையில் இருக்காது. எங்கே உட்காரலாம் என்று பார்க்காதீர்கள், தண்ணீர் எங்கே நகர்கிறது என்று பாருங்கள். டெல்டாவில் மீன் பிடிப்பதில் பாதி விஷயம் அதுதான். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள் (தண்ணீர் இருந்தால்), அது கல்லணை வந்து, கொள்ளிடத்தில் விட்டு, கீழணையில் தேக்கி, அங்கிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு வர நாளாகும். அந்தப் புதுத்தண்ணீர் கலங்கலாக, நுரையும் சருகுமாக வந்து இறங்கும் முதல் சில நாட்கள் இருக்கிறதே, அப்போது வடவாறு விழும் வாயில் இருந்தால் போதும், ஏரிக்குள் கிடந்த மீனெல்லாம் எதிர்த்து ஏறப் பார்க்கும். ஓடும் தண்ணீரின் நடுவில் போடாதீர்கள், இரை நிற்காது. ஓரத்தில் சுழித்துக்கொண்டு மெதுவாகத் திரும்புகிற இடம் ஒன்று கட்டாயம் இருக்கும், அதில் இறக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறிவிடும். மழை பிடித்தால் மேற்கே செங்கால் ஓடையிலும் கருவாட்டு ஓடையிலும் வெள்ளம் வரும், அந்தப் பக்கம்தான் ஆழம் குறைவு, நெய்வேலிக் காட்டாமணக்கும் நாணலும் மண்டிக் கிடக்கும். விரால், குறவைக்கு அதுதான் வீடு. கிழக்குக் கரையில் கார் நிறுத்த வசதி என்பதற்காக எல்லாரும் அங்கேயே உட்காருகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, செய்தியில் "வீராணம் 47.5 அடியை எட்டியது" என்று வந்தால் ஐம்பதடி ஆழம் என்று நினைத்துத் தூண்டில் நரம்பை நீளமாக விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கடல் மட்டத்திலிருந்து போடும் கணக்கு. மிதக்கிற தக்கையை உயரமாகக் கட்டினால் தூண்டில் முள் சேற்றில்தான் கிடக்கும்.

கோரையாறு:
வடவாற்றங்கரை அண்ணன் சொன்னது சரி, ஆனால் இரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஒரே மைதா உருண்டையை எல்லா மீனுக்கும் காட்டினால் எப்படி? ஏரியில் விடுகிற வளர்ப்பு மீன் மூன்றும் மூன்று மட்டத்தில் மேயும். கட்லா மேலே, ரோகு நடுவில், மிருகால் அடியில். கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து, கொஞ்சம் புளித்த சோற்றையும் சேர்த்து, முந்தின நாள் சாயங்காலமே அதே இடத்தில் நாலு உருண்டை எறிந்துவிட்டு வந்தால் மறுநாள் காலையில் வேலை சுலபம். கெளுத்திக்கும் ஆரலுக்கும் மண்புழுதான். புழுவை முள் முழுக்கக் கோத்து மூடிவிடாமல், வால் பக்கம் ஒரு அங்குலம் தொங்கவிடுங்கள், அது நெளிகிற வரைக்கும்தான் மதிப்பு.

தக்கை ஆடுவதை வைத்தே என்ன மீன் என்று சொல்லலாம். குத்திக் குத்தி விட்டால் ஜிலேபி. தக்கை மூழ்காமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போனால் கெளுத்தி. நடுங்கிக்கொண்டே இருந்தால் ஆரல், அவசரப்படாதீர்கள், வாய் சின்னது. சத்தமே இல்லாமல் ஒரே இழுப்பில் காணாமல் போனால் விரால். கனமாக இருக்கிறது, துள்ளவே இல்லை என்றால் ஆமை, நரம்பை அறுத்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போங்கள்.

திருவாரூர் விரால்:
நான் விரால் மட்டும்தான். தவளை, இல்லையென்றால் ரப்பர் தவளை. ஆகாயத்தாமரைக்கு நடுவே தட்டு அளவு தெளிவான இடம் இருக்கும், விரால் மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும், "பளக்" என்று சத்தம் கேட்ட இடத்துக்கு ரெண்டு அடி தள்ளி எறிந்து, பொத்துப் பொத்தென்று இழுத்து வரணும். அடித்தவுடன் இழுத்தால் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும், ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சுண்டுங்கள். மழைக்காலத்தில் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொதிக்கிற மாதிரி தெரிந்தால் யோகம்தான், தாய் கீழேயே நிற்கும்.

வடவாற்றங்கரை:
தம்பி, கோபப்படாதீங்க, கடைசியாகச் சொன்னதைச் செய்யாதீர்கள். குஞ்சோடு நிற்கும் விராலைத் தூக்கினால் அந்தக் கூட்டத்தைக் கெண்டையும் உளுவையும் சாயங்காலத்துக்குள் முடித்துவிடும். அப்புறம் அடுத்த வருஷம் "முன்னே மாதிரி விரால் இல்லை" என்று நாமே எழுதுவோம். ஏற்கெனவே வயலுக்கு அடிக்கிற மருந்தில் வாய்க்கால் மீன் போய்க்கொண்டிருக்கிறது.

திருவாரூர் விரால்:
சரிண்ணே. ஆனால் அது அடிக்கிற அடி இருக்கே...

அரசலாற்றுக்காரி:
எல்லாரும் ஏரியையே பேசுகிறீர்கள். ஜனவரி 28-க்கு மேட்டூரை மூடி, ஆற்றில் தண்ணீர் இறங்கினதும் எங்கள் பக்கம் மதகுக்குக் கீழே இருக்கும் பள்ளங்களில்தான் மீன் எல்லாம் ஒதுங்கும். தூண்டிலே வேண்டாம், ஊத்தா (அடியும் மேலும் திறந்த மீன்பிடிக் கூடை) போதும். சின்ன வயதில் அத்தையோடு போவேன், ஊத்தாவை அமுக்கி, மேலே கையை விட்டுத் துழாவும்போது விரலில் எது படும் என்று தெரியாத அந்த நொடிக்காகவே போவது. ஒரு தடவை தேளி மீன் குத்திவிட்டது, தோள்பட்டை வரைக்கும் கடுப்பு ஏறியது. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்ததும்தான் அடங்கியது. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், தேளிக்கு முதுகில் கிடையாது, பக்கத்துக்கு ஒன்றுதான், எதைப் பிடித்தாலும் தலைக்குப் பின்னால் அந்தப் பக்க முள்ளுக்கு அடியில் விரலைக் கொடுத்துப் பிடிக்கணும்.

ஆரல் கிடைத்தால் வழவழப்புப் போக அடுப்புச் சாம்பலைப் போட்டுக் கல்லில் உரசுங்கள், அப்புறம் கல்லுப்பு. கேஸ் அடுப்புக்காரர்கள் கல்லுப்பை மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். குழம்பை அன்றைக்கே சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை:
அக்கா, அண்ணன்மார்களுக்கு நன்றி. வடுவூர் ஏரியில் நிறைய மீன் துள்ளுவதைப் பார்த்தேன், அங்கே போடலாமா? அப்புறம் போன வாரம் கருப்பாக, பெரிய மீசையோடு ஒரு கெளுத்தி மாட்டியது, பார்க்கப் பயமாக இருந்தது, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடலாமா என்று யோசித்து வாளியில் வைத்திருக்கிறேன்.

வடவாற்றங்கரை:
வடுவூர் பறவைகள் சரணாலயம், ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது, அங்கே தூண்டிலோடு நிற்காதீர்கள். உதயமார்த்தாண்டபுரமும் அப்படித்தான். மற்ற ஏரி, குளம் எல்லாம் பெரும்பாலும் குத்தகை, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவது மரியாதை. உங்கள் பக்கத்தில் சிரித்த பெரியவரிடமே கேளுங்கள், யார் குத்தகை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. கீழணை, மதகு ஓரங்களில் ஷட்டருக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள், எப்போது தூக்குவார்கள் என்று தெரியாது.

வாளியில் இருப்பது, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி மாதிரி இருக்கிறது. அதை வளர்க்கவே நாட்டில் தடை, மற்ற மீனையெல்லாம் தின்றுவிடும். போட்டோ போடுங்கள். அதுதான் என்றால் எந்தத் தண்ணீரிலும் திரும்ப விடாதீர்கள். வாளியை மூடி வையுங்கள், மேலே கல்லை வையுங்கள், ராத்திரியில் வெளியே வந்து தரையில் நகர்ந்தே போய்விடும்.