ஆறுதலாக் கதையுங்கோ

2014 மாசியில் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு ஒரு கொரியத் தம்பதியர் வந்து சேர்ந்தார்கள். கிறிஸ்தவ ஊழியத்துக்கென்று வந்தவர்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரத்தில் அவர்களுக்கும் தமிழ் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று, அவர்களுக்கு வீடு கொடுத்தவர் வந்து கேட்டார்.

நான் சைவக்காரி. "மதம் மாத்த வந்தவைக்கு நீங்கள் ஏன் ரீச்சர் உதவி செய்யிறியள்?" என்று சிலர் நேரிலேயே கேட்டார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. யுத்தம் முடிந்து மீள்குடியேறிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அரிசியும் தகரமும் கொடுத்துவிட்டு அதே கையோடு ஜெபத்துக்குக் கூப்பிட்ட ஆட்களை நாங்கள் கண்டிருந்தோம். முதல் நாளே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதை அவர்களிடம் சொன்னேன். "தமிழ் படிப்பிப்பேன். ஆனால் பசியில் இருக்கிற வீட்டில் சாமான் கொடுத்து ஜெபம் பண்ணக் கூடாது." பாஸ்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். நான் கண்ட மட்டும் அந்தச் சொல்லை அவர்கள் காப்பாற்றினார்கள்.

தமிழ்நாட்டில் அச்சான ஒரு பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கியது. வந்த முதல் கிழமை பாஸ்டர் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய், "நான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்" என்று ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துச் சொல்லியிருக்கிறார். ஆச்சிக்கு முகம் வாடிவிட்டது. "நான் என்ன பிழை செய்தனான் தம்பி?" என்று கேட்டாவாம். எங்களுக்குப் பேசுவதென்றால் ஏசுவது, உரையாடுவதற்கு நாங்கள் சொல்வது கதைப்பது. இதை விளங்கிக்கொண்ட அன்றே அவர் திரும்பிப் போய் ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த இரண்டு சொல்லையும் அதற்குப் பிறகு அவர் மாற்றிச் சொன்னதை நான் கேட்கவில்லை.

இன்னொன்று மனதை உலுக்கிய சம்பவம். கொரிய மொழியில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் சேர்த்து ஒரே எழுத்துத்தான். எங்களுக்கோ ர, ற, ல, ள, ழ. கொரியா அக்கா (ஊரெல்லாம் அவரை அப்படித்தான் கூப்பிட்டது) கடையில் நூறு கிராம் புளி கேட்கப் போய், ளகரம் வராமல் வேறு சொல்லைக் கேட்டுவிட்டார். கடையில் நின்றவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். வாசலில் சீருடையோடு ஒருவர் சோடா குடித்துக்கொண்டு நின்றாராம். என்ன நடந்ததென்று அக்காவுக்கு விளங்கவில்லை, ஆனால் ஏதோ நடந்தது என்பது விளங்கிவிட்டது. நடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். இந்த மண்ணில் அந்தச் சொல் ஏன் அப்படி விழுகிறது என்று அன்று இரவு எட்டு மணி வரை இருந்து சொன்னேன். பிறகு ஒரு கிழமை முழுக்க ளகரம் மட்டும். கடைக்குப் போனால் "பழப்புளி" என்றே கேட்கும்படியும் சொல்லி வைத்தேன்.

மற்றபடி அவர்களுக்குத் தமிழ் நான் நினைத்ததைவிட இலகுவாக வந்தது. கொரிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். "நான் சோறு சாப்பிட்டேன்" என்ற வசனத்தைச் சொல்லுக்குச் சொல் அதே ஒழுங்கில் கொரிய மொழியில் சொல்லலாம். அப்பாவை அவர்களும் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மாவுக்கும் எங்கள் சொல்லுக்குக் கிட்டத்தட்ட ஒத்த சொல்தான். கொரியாவில் ஊழியம் செய்த ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணம் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் உறவு உண்டென்று இன்று மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனாலும் ஒட்டுசுட்டான் வீட்டு விறாந்தையில் ஒரு கொரியப் பெண் "அப்பா" என்று எழுதிப் பார்த்துக் கண்கலங்கியதைக் கண்ட எனக்கு, அந்த மனிதர் ஏன் ஒரு புத்தகமே எழுதினார் என்று விளங்கியது.

பழக்கவழக்கமும் அப்படித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது, வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதது, கண்டவுடன் "சாப்பிட்டியளோ" என்று கேட்பது, இதெல்லாம் அவர்கள் ஊரிலும் உண்டு. வெயில்தான் அவர்களை வாட்டியது. பாலைப்பழம் மட்டும் ஆசையாகச் சாப்பிட்டார்கள், உதடு ஒட்ட ஒட்ட.

கொரியாவுக்கு வேலைக்குப் போகும் பரீட்சைக்குப் படித்த பெடியன்களுக்குப் பாஸ்டர் கொரிய மொழி சொல்லிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஊர் அவரை நம்பத் தொடங்கியது அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன்.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். வேறு யாருக்காவது இப்படிப் பழகிய அனுபவம் இருந்தால் எழுதுங்கோ.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாதி:

ரீச்சர், அந்த அக்காவை எனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். கர்ப்பிணிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வருவார். ஒருநாள் என்னிடம் கொப்பியை நீட்டி, "வலி" என்பதற்குக் கீழே எழுத இன்னும் சொற்கள் வேண்டும் என்றார். நோகுது, உளையுது, குத்துது, எரியுது, விறைக்குது, கடுக்குது. ஒவ்வொன்றும் உடம்பில் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். உளைவுக்கும் நோவுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். எங்களுக்குப் பயிற்சியில் அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். அவரும் இப்படித்தான் ஒரு கொப்பியோடு தொடங்கியிருப்பார் என்று அன்று எனக்குப் பட்டது.

மறுபடி நான்:

தாதி எழுதியதைக் கண்டதும் அந்தக் கொப்பிதான் ஞாபகம் வந்தது. அதில் ஒரு சொல்லுக்கு மட்டும் நெடுநாளாகக் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். "ஆறுதல்."

அகராதியில் அதற்குத் தேற்றுவது என்று இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோரும் அவர்களுக்குச் சொன்னது "ஆறுதலா வாங்கோ", "ஆறுதலாச் சாப்பிடுங்கோ", "ஆறுதலாக் கதையுங்கோ". அவசரமில்லை, மெதுவாக என்ற அர்த்தத்தில். எங்களை எல்லோரும் ஏன் தேற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அக்கா ஒருநாள் கேட்டார். விளக்கினேன். கேள்விக்குறியை அழித்து "மெதுவாக" என்று எழுதினார்.

2017 மாசி (பெப்ரவரி) 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் போராட்டம் தொடங்கினார்கள். எங்கள் ஊரிலிருந்தும் ஒரு அம்மா போய் வந்துகொண்டிருந்தா. யுத்தத்தின் கடைசி நாட்களில் மகனைத் தொலைத்தவ. ஒரு நாள் அக்கா என்னோடு அந்த வீட்டுக்கு வந்தார். எதையும் கொண்டு வரவில்லை. ஜெபமும் செய்யவில்லை. அந்த அம்மா மகனின் படத்தைக் கையில் கொடுத்தா. அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு மூன்று வருடத்துத் தமிழில் தன் அம்மம்மாவின் கதையைச் சொன்னார்.

1950இல் கொரியாவில் தொடங்கிய சண்டையில் அம்மம்மாவின் தம்பி வடக்கில் விடுபட்டுவிட்டார். 1983இல் கொரியத் தொலைக்காட்சியில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சி ஆனி (ஜூன்) 30ஆம் திகதி தொடங்கி 138 நாட்கள் நடந்தது. தொலைக்காட்சிக் கட்டடத்தின் சுவர் முழுக்கப் பெயர் எழுதிய தாள்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. அம்மம்மாவும் தம்பியின் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாவாம். தம்பி கிடைக்கவில்லை.

1983 ஆடி எங்களுக்கு என்ன மாதம் என்று நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

இருட்டப் போகுது என்று நான் எழும்பினேன். அம்மா அக்காவின் கையை விடவில்லை. "ஆறுதலா இருந்திட்டுப் போ பிள்ளை" என்றா. அன்று ஏழரை மணி வரை அங்கேயே இருந்தோம்.

அடுத்த வருடம் அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். போகும்போது அந்தக் கொப்பியின் படப்பிரதி ஒன்றை என்னிடம் தந்தார்கள். "ஆறுதல்" என்ற சொல்லுக்கு நேரே, "மெதுவாக" என்று எழுதியதற்குக் கீழே, வேறு மையில் அக்கா அகராதியின் பொருளையும் திரும்ப எழுதி வைத்திருக்கிறார்.